குளக்கரையில் ஓய்வு: மாத்தளை மாவட்ட நீர்நிலைகளும் உல்லாசப் பயணமும்

நீர்நிலையொன்றின் வரலாறு பெரும்பாலும் அதனைக் கட்டிய மன்னனின் வரலாறாகவோ, அதனாற் பயன்பெற்ற வயலின் வரலாறாகவோதான் எழுதப்பட்டு வந்துள்ளது. அதன் கரையிலே தங்கி இளைப்பாறியவர் யாவர், இளைப்பாற இடமின்றிக் கடந்து சென்றவர் யாவர், அதன் மீனைப் பிடித்தவர் யாவர் என்ற வினாக்கள் வரலாற்று நூல்களில் அருகியே காணப்படுகின்றன. ஆயினும், இன்று இலங்கையின் உலர்வலயக் குளங்கள் நெல் விளைவிப்பவையாக மட்டுமன்றி, உல்லாசப் பயணிகள் நாடிவரும் காட்சித் தலங்களாகவும் நன்னீர் மீன்பிடிக் களங்களாகவும் விளங்குகின்றன. ஒரே நீரின்மீது மூவகை உரிமைகள் எழுந்துள்ளமையால், மேற்கூறிய வினாக்கள் வெறும் வரலாற்று ஆர்வத்துக்குரியனவாக மட்டும் இருக்க இயலாது.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு மாத்தளை மாவட்டம் மிகப் பொருத்தமான களமாகும். தெற்கே மலைநாட்டின் குளிர்ந்த சரிவுகளும், வடக்கே தம்புள்ளை, சீகிரியா, கலேவலை ஆகிய உலர்வலயப் பகுதிகளும் இம்மாவட்டத்துள் அடங்குகின்றன. தேவகூவ, வேமெடில்ல, கண்டலம முதலிய குளங்களும், நாலந்தா, போவத்தன்ன, மொறகஹகந்த, களுகங்கை ஆகிய நீர்த்தேக்கங்களும் இம்மாவட்டத்துக்குரியவை. இத்துணை நீர்ப்பரப்பு இருந்தும், காசுமீரத்து ஏரிகளிற் போன்று படகுவீட்டில் தங்கித் தூண்டிலிட்டு விடுமுறையைக் கழிக்கும் மரபு இங்குத் தோன்றவில்லை. அது ஏன் தோன்றவில்லை என்ற வினாவைத் தொடர்ந்து சென்றால், குளம் என்பது எத்தகைய அமைப்பு என்பதும், அதன் கரையிலே ஓய்வைத் திட்டமிடுவோர் எவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதும் புலனாகும்.

1. படகுவீடு தோன்றிய சூழல்

படகுவீட்டு விடுமுறையின் தாயகமாகக் கருதப்படுவது சிறீநகரிலுள்ள தால் ஏரியாகும். அங்கு அது அழகுணர்ச்சியின் விளைவாக மட்டும் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே காசுமீர சமத்தானத்தில் வெளியார் நிலம் வாங்குவதற்குத் தடை இருந்தது. கோடை வெப்பத்திலிருந்து தப்பி அங்குச் சென்ற ஆங்கிலேயர், நிலத்திலே வீடு கட்ட இயலாமையால் நீரிலே வீடு கட்டினர். உள்ளூர்ப் படகு மாந்தர் நெடுங்காலமாகக் குடும்பத்தோடு வாழ்ந்து வந்த 'டூங்கா' என்னும் படகே அதற்கு அடிப்படையாயிற்று. 1880 களிலிருந்து இவ்வகைப் படகுவீடுகள் பெருகின. 1900 ஆம் ஆண்டளவிலே சுகொத்துலாந்திலிருந்து திரவுட்டு மீன் கொண்டுவரப்பட்டு அப்பள்ளத்தாக்கின் ஓடைகளில் வளர்க்கப்பட்டதும், படகுவீடும் தூண்டிலும் இணைந்த ஒரு விடுமுறை மரபு அங்கு நிலைபெற்றது.

கேரளத்தின் வரலாறு இதனின்றும் வேறானது. வேம்பநாட்டுக் காயலிலும் அதனையடுத்த நீர்வழிகளிலும் நெல்லும் பிற பண்டமும் ஏற்றிச் சென்ற 'கெட்டுவள்ளம்', ஆணியின்றிக் கயிற்றாற் கட்டப்பட்ட பெரும் படகாகும். சாலைகளும் பாலங்களும் பெருகியபோது அப்படகுகள் தொழிலை இழந்தன. 1990 களிலே அவை கூரையும் படுக்கையறையும் பெற்று உல்லாசப் படகுகளாக மறுபிறவி எடுத்தன. காசுமீரத்திலே ஒரு தடைச்சட்டமும், கேரளத்திலே வழக்கிழந்த ஒரு தொழிலும் படகுவீட்டைத் தோற்றுவித்தன என்பது இவற்றாற் பெறப்படும்.

இரு நிகழ்வுகளுக்கும் பொதுவான அடிப்படைகள் மூன்று. ஆண்டு முழுவதும் பெரிதும் மாறாத நீர்மட்டம் ஒன்று. படகிலே வாழ்ந்த அல்லது படகாற் பிழைத்த ஒரு மக்கட்கூட்டம் இரண்டு. ஒன்றோடொன்று தொடர்புடைய நீர்வழிகள் மூன்று. மாத்தளை மாவட்டத்துக் குளங்களில் இம்மூன்றும் இல்லை. குளம் இயற்கையான ஏரியன்று. அது ஓடையை மறித்துக் கட்டிய அணையின் பின்னே தேங்கிய நீர். ஒரு குளத்திலிருந்து மறுகுளத்துக்கு நீர் செல்லுமேயன்றிப் படகு செல்வதில்லை. இப்பிரதேசத்திற் பண்டம் சுமந்தவை பொதிமாடுகளும் பின்னர் மாட்டுவண்டிகளுமே. எனவே, ஓய்வு என்பது இங்கு நீரின்மீது அமையாது, நீரின் கரையிலேயே அமைந்தது. இவ்வேறுபாடு மிக முக்கியமானது. நீரின்மீது வாழ்பவன் ஏரியின் குடிமகன் ஆகின்றான். கரையிலே தங்குபவன் அதனைப் பார்வையிடும் விருந்தினனாகவே நின்றுவிடுகின்றான்.

2. சீகிரியா: அரசனின் நீர்ப்பூங்கா

நீரோடு இணைந்த ஓய்வு இம்மாவட்டத்துக்குப் புதியதன்று. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியிலே காசியப்ப மன்னன் சீகிரியாவில் அமைத்த தலைநகரின் மேற்குப் பகுதியில், தென்னாசியாவின் மிகப் பழைய நீர்ப்பூங்காக்களுள் ஒன்று காணப்படுகின்றது. சமச்சீராக அமைந்த குளங்கள், அகழிகள், துளையிட்ட கற்பலகைகளினூடாக நீரைப் பீய்ச்சும் ஊற்றுக்கள் ஆகியன நிலத்தடிக் கால்வாய்களாற் பிணைக்கப்பட்டிருந்தன. உயரமான இடத்தில் தேங்கிய நீரின் அழுத்தமே ஊற்றுக்களை இயக்கியது. கடுமழைக் காலத்தில் அவ்வூற்றுக்கள் இன்றும் இயங்குவது அக்காலப் பொறியியலறிவுக்குச் சான்றாகும்.

இப்பூங்காவுக்கு ஒரு துயரப் பின்னணி உண்டு. காசியப்பனின் தந்தையான தாதுசேனன் காலாவாவியைக் கட்டியவன். மறைத்து வைத்த செல்வத்தைக் காட்டுமாறு மகன் வற்புறுத்தியபோது, தாதுசேனன் அவ்வாவிக்குச் சென்று நீரைக் கையில் அள்ளிக் காட்டி, தன் செல்வம் அதுவே என உணர்த்தினான் எனச் சூளவம்சம் கூறுகின்றது. பின்னர் அவன் கொல்லப்பட்டான். இச்செய்தியின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், நீர்பற்றிய இருவகை மனப்பாங்குகளை இது புலப்படுத்துகின்றது. தந்தைக்கு நீர் நாட்டின் விளைவுப் பொருள். மகனுக்கு அது அரண்மனையின் அணிகலன். குளக்கரையில் ஓய்வை நாடும் ஒவ்வொரு தலைமுறையும் இவ்விரு மனப்பாங்குகளுக்கிடையே தன் நிலையைத் தேர்ந்து கொள்ளவேண்டியதாகின்றது.

சீகிரியா அரச வாழ்வை இழந்த பின்னரும் மக்கள் அங்குச் சென்று வந்தனர். பளிங்குச் சுவர் எனப்படும் கண்ணாடிச் சுவரிலே அவர்கள் பொறித்த பாடல்களுள் 685 ஐச் செனரத் பரணவிதான வாசித்து 1956 இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தனவாகிய அவை, பல திசைகளிலிருந்தும் வந்த பல நிலையினர் ஓவியங்களைக் கண்டு மகிழ்ந்து எழுதியவை. அரசனின் தனியுடைமையாயிருந்த இன்பம் காலப்போக்கிலே பொதுமக்களின் பயண இன்பமாயிற்று என்பதற்கு இதனிலும் சிறந்த ஆதாரம் வேண்டுவதில்லை. காட்சி காணும் பயணம் ஐரோப்பியர் கொண்டுவந்த வழக்கம் என்ற எண்ணமும் இதனால் மறுக்கப்படுகின்றது.

3. வடக்குப் பாதையில் இருவகைப் பயணிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆங்கிலேயர் ஆட்சி இப்பிரதேசத்தின் பயண வரலாற்றில் ஒரு புதிய கட்டத்தைத் தொடக்கி வைத்தது. மாத்தளையில் அரசாங்க அலுவலராகப் பணியாற்றிய மேஜர் யோனதன் போர்ப்சு 1831 இல் சீகிரியாவைக் காணச் சென்றார்; அவரது இலங்கை அனுபவ நூல் 1840 இல் இலண்டனில் வெளிவந்தது. அக்கால ஐரோப்பியரின் ஓய்வு பெரும்பாலும் வேட்டையாகவே இருந்தது. குளக்கரை அவர்களுக்கு யானையும் மானும் நீரருந்த வரும் இடமாகவே தோன்றியது. தூண்டில் மீன்பிடியை விரும்பியோர் குளிர்ந்த நீரோடைகளை நாடி நுவரெலியாவுக்குச் சென்றனர். 1880 களிலே பிரித்தானியாவிலிருந்து திரவுட்டு முட்டைகள் கொண்டுவரப்பட்டு அம்மலைநாட்டு ஓடைகளிலேயே வளர்க்கப்பட்டன. உலர்வலயக் குளங்களின் வெதுவெதுப்பான நீர் அம்மீனுக்கு ஏற்றதன்று. விராலும் கெளிறும் கெண்டையும் நிறைந்த மாத்தளைக் குளங்கள் துரைமாரின் தூண்டிலுக்குத் தப்பியமைக்கு இதுவே காரணமாகும்.

இதே காலத்தில் அதே பாதையிலே வேறொரு கூட்டத்தினரும் நடந்தனர். 1830 களிலிருந்து மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் கங்காணிமாரின் தலைமையில் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டினூடாக நூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவைக் கால்நடையாகக் கடந்து, தம்புள்ளை வழியாக அவர்கள் மாத்தளையை அடைந்தனர். வழியிலிருந்த குளங்களும் கிணறுகளுமே அவர்களுக்குத் தண்ணீர் தந்தன. வாந்திபேதியும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் பலரை வழியிலேயே மாய்த்தன. பாதையோரத்து வாடிவீடுகள் அரசாங்க அலுவலருக்கும் ஐரோப்பியப் பயணிகளுக்கும் உரியவை. மரநிழலும் குளக்கட்டும் தொழிலாளருக்குரியவை. ஒரே நீரின் கரையில் ஒருவர் தங்கியதும் மற்றவர் தங்கியதும் ஒன்றாகா.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இப்பயணத்தின் நினைவோடு பிரிக்கவியலாது இணைந்துள்ளது. காட்டுவழியைக் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தோர் தம் தெய்வத்துக்கு நன்றி செலுத்திய இடமாக மக்கள் மரபு அதனைப் போற்றுகின்றது. பின்னர் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் ஆதரவோடு 1874 இல் அங்குக் கோயில் எழுந்தது. 1880 இல் மாத்தளைக்கும் 1914 இல் தலைமன்னாருக்கும் இருப்புப்பாதை அமைந்ததும் நடைப்பயணம் பழங்கதையாயிற்று. இன்று கண்டியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் உல்லாசப் பயணிகளின் வாகனங்கள், அம்மக்கள் தெற்கு நோக்கி நடந்த பாதையிலேயே எதிர்த்திசையிற் செல்கின்றன. பயண வழிகாட்டிகளில் அந்நடைப்பயணம் குறிப்பிடப்படுவது அரிது. மாத்தளையின் பயண வரலாற்றை எழுதுவோர் அதனை விட்டுவிடுவாராயின், அவ்வரலாறு பாதி வரலாறாகவே அமையும்.

4. குளத்து மீனும் மீனவரும்

குளத்து மீன் பற்றிய உரிமை மிகப் பழையது. குளத்து மீன் வருவாயிலே அரசுக்குரிய பங்கு விகாரைகளுக்கு வழங்கப்பட்டமையை ஆதிகாலப் பிராமிக் கல்வெட்டுக்கள் சில கூறுகின்றன. பிற்காலக் கிராம வழக்கில், வறட்சியால் நீர் வற்றும்போது ஊரார் ஒன்றுகூடிக் கரப்பும் வலையும் கொண்டு மீன் பிடித்துப் பகிர்ந்தனர். அது தொழிலுமன்று, பொழுதுபோக்குமன்று. பஞ்ச காலத்தில் குளம் தந்த கடைசி விளைச்சல். உயிர்க்கொலை பற்றிய பௌத்த உணர்வும் அங்கு நிலவியமையால், மீன்பிடியை முழுநேரத் தொழிலாகக் கொண்டோர் உலர்வலய உழவர் சமூகத்தில் அரியராகவே இருந்தனர்.

இந்நிலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாறியது. 1952 இல் ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா மீன் இலங்கைக் குளங்களில் அறிமுகப்படுத்தப்பட்டது. இலங்கையின் பெருங்குளங்கள் மனிதராற் கட்டப்பட்டவை. தேங்கிய நீருக்கே உரிய பெருமீன் இனங்கள் அவற்றில் மிகச் சில. ஆற்றினத்து மீன்கள் பயன்படுத்தாத அவ்விடத்தைத் திலாப்பியா நிரப்பியது. குளத்தின் ஆழங்குறைந்த கரையோரத்திலேயே குழி தோண்டி முட்டையிட்டு, முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும் இயல்பு அதற்குண்டு. ஆகையால் அது விரைந்து பெருகியது. மேலைக்கரையிலிருந்து வந்து குடியேறிய மீனவரும், அவரிடமிருந்து தொழிலைக் கற்ற உள்ளூராரும் சிறு வள்ளங்களிற் சென்று செவுள் வலையால் அதனைப் பிடித்தனர். கடலினின்றும் தொலைவிலுள்ள கிராமங்களுக்கு மலிவான புரதவுணவு கிடைத்தது.

ஆனால் மீனவரின் நிலை உறுதியற்றதாகவே இருந்தது. 1990 இல் உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை அரசாங்கம் நிறுத்திக்கொண்டது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்ற சமய நோக்கு அம்முடிவின் பின்னணியில் இருந்தது. மீன்குஞ்சு உற்பத்தி நிலையங்கள் செயலிழந்தன. வலையின் கண்ணளவைக் கண்காணிப்பாரும் இல்லாதொழிந்தனர். இதன் விளைவு நோக்கற்பாலது. மீன்பிடி நிற்கவில்லை, ஒழுங்கே நின்றது. சிறுகண் வலைகள் பெருகி, முதிராத மீன்களும் அள்ளப்பட்டன. உயிர்களைக் காப்பதற்காக எடுக்கப்பட்ட முடிவு, உயிரினத்தின் பெருக்கத்துக்கே ஊறு விளைத்தது. 1994 இல் ஆதரவு மீண்டும் வழங்கப்பட்டது. 1998 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளையிலுள்ள மீன்குஞ்சு உற்பத்தி நிலையம் அத்துறையின் முக்கிய நிலையங்களுள் ஒன்றாகும்.

5. மகாவலி நீரும் இடம்பெயர்ந்த கோயிலும்

மாத்தளைக் குளங்களின் இன்றைய தோற்றத்தை உருவாக்கியது மகாவலித் திட்டமாகும். 1976 இல் பொல்கொல்லையிலே மகாவலி மறிக்கப்பட்டு, சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக உக்குவளைக்கு நீர் திருப்பப்பட்டது. அந்நீர் மின் உற்பத்தி செய்தபின் சுதுகங்கை வழியே சென்று, 1981 இல் நிறைவெய்திய போவத்தன்ன நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அங்கிருந்து மற்றொரு சுரங்கம் அதனை உலர்வலயக் குளங்களுக்கு இட்டுச் செல்கின்றது. இவ்வாறு, ஈரவலய மலைகளில் பெய்த மழை இன்று உலர்வலயக் குளங்களில் அலையெறிகின்றது.

நீர் பெருகியபோது சில இழப்புக்களும் நேர்ந்தன. நாலந்தா நீர்த்தேக்கத்தினால் மூழ்கவிருந்த நாலந்தா கெடிகே, அவற்றுள் எல்லாரும் அறிந்த சான்றாகும். பல்லவர் கட்டடக்கலையின் சாயலும் பௌத்த வழிபாட்டு அமைப்பும் இணைந்த அக்கற்றளி, 1970 களின் நடுப்பகுதியிலே கல் கல்லாகப் பிரித்தெடுக்கப்பட்டு, உயரமான இடத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. இன்று நீர் சூழ்ந்த அதன் காட்சி உல்லாசப் பயணிகளைக் கவர்கின்றது. பயணி காணும் அவ்வழகு தற்செயலானதன்று. ஒரு பெரும் இடப்பெயர்ச்சியின் விளைவாகும்.

அண்மைக் காலத்திலும் இதுவே நிகழ்ந்தது. 2018 இல் திறந்துவைக்கப்பட்ட மொறகஹகந்த நீர்த்தேக்கம் 570 மில்லியன் கனமீற்றர் நீரைக் கொள்ளவல்லது. அதே காலத்தில் இலக்கலைப் பகுதியிற் கட்டப்பட்ட களுகங்கை நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 248 மில்லியன் கனமீற்றராகும். பழைய இலக்கலை நகரம் நீருக்குள் மறைய, மக்கள் புதிய நகருக்குச் சென்றனர். கோயிலைக் கல் கல்லாக எண்ணிப் பெயர்க்கலாம். வயலையும் அயலையும் அவ்வாறு பெயர்த்தல் அரிது.

6. கண்டலம: 1992 இன் வினா

குளக்கரை ஓய்வு பற்றிய வினா மிகக் கூர்மையாக எழுந்தது கண்டலமையிலாகும். இலங்கை உல்லாசப் பயணச் சபை 1966 இல் நிறுவப்பட்டபின், சீகிரியாவும் தம்புள்ளையும் பயணத் திட்டங்களில் முதலிடம் பெற்றன. 1982 இல் சீகிரியாவும் 1991 இல் தம்புள்ளைப் பொற்கோயிலும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. இக்காலத்திலே சீகிரியாவின் அண்மையிற் பெருவிடுதியொன்றைக் கட்டத் திட்டமிடப்பட்டது. கட்டடக்கலைஞர் செப்ரி பாவா, குன்றின் அருகிலே கட்டடம் எழுவதை விரும்பாது, தொலைவிலுள்ள கண்டலமக் குளக்கரையைத் தெரிந்தார். அங்கிருந்து நோக்கினால் நீர்ப்பரப்புக்கு அப்பாற் சீகிரியாக் குன்று தென்படும்.

1992 இல் இத்திட்டத்துக்கு எதிராகப் பெருங்கிளர்ச்சி எழுந்தது. பிக்குகளும் கிராம மக்களும் சூழலியலாளரும் அதிற் பங்குகொண்டனர். விடுதியின் கழிவுநீர் குளத்தை மாசுபடுத்தும், காடு அழியும், புனித பூமியின் அமைதி கெடும், கிராமத்து இளைஞரின் வாழ்க்கைநெறி சிதையும் என்பன அவர்களின் அச்சங்கள். இவற்றுட் சில அறிவியல் சார்ந்தவை, சில பண்பாடு சார்ந்தவை. ஆயினும் அவற்றின் அடியில் இருந்த வினா ஒன்றே: குளம் யாருக்குரியது?

விடுதி கட்டப்பட்டு 1994 இல் திறக்கப்பட்டது. எனினும் எதிர்ப்பு வீண்போயிற்று எனக் கூறுவதற்கில்லை. பாறைச்சரிவை ஒட்டிச் சுமார் ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு வளைந்து செல்லும் அக்கட்டடம், மழைநீர் தன் வழியே குளத்தை நோக்கி ஓடுமாறு தூண்களின்மீது உயர்த்தப்பட்டது. கூரையிலும் முகப்பிலும் செடிகொடிகள் படர விடப்பட்டன. கழிவுநீரைத் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடும் செய்யப்பட்டது. சூழற்பேணலுக்கான சர்வதேசச் சான்றிதழ்களை அது பிற்காலத்திற் பெற்றது. அவ்வேற்பாடுகளில் எத்துணை கலைஞரின் உள்ளத்தினின்றும் எழுந்தது, எத்துணை மக்களின் கண்காணிப்பினால் விளைந்தது எனப் பிரித்தறிதல் எளிதன்று. ஆனால், கேள்வி கேட்கும் சமூகத்தின் நடுவே கட்டப்பட்ட கட்டடம், கேள்வியற்ற வெளியிலே கட்டப்பட்டதைவிடப் பொறுப்புடையதாக அமைந்தது என்பதை வரலாறு காட்டுகின்றது. தால் ஏரியிலே நகரத்தின் கழிவும் படகுவீடுகளின் கழிவும் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்து விளைத்த கேட்டினை நோக்குமிடத்து, கண்டலம மக்களின் அச்சம் ஆதாரமற்றதன்று என்பதும் தெளிவாகும்.

7. மூன்று நாட்காட்டிகள்

இவ்வரலாற்றிலிருந்து திட்டமிடுவோர் பெறத்தக்க பாடம் யாது? குளத்துக்கு ஒரு நாட்காட்டி உண்டு என்பதே முதற்பாடமாகும். வடகீழ்ப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை தொடக்கம் குளங்களை நிரப்புகின்றது. பெரும்போக வயல்களுக்கு நீர் சென்றபோதும், தை மாதமளவிலே குளம் நிறைந்து சில ஆண்டுகளில் வான் பாயும். பின்னர் சிறுபோகத்துக்காகத் துருசு திறக்கப்பட, நீர் நாளுக்குநாள் இறங்கி, ஆவணி, புரட்டாதியிலே அலைகரை விரிந்து கிடக்கும். நிறைந்த குளத்துக்கும் வற்றிய குளத்துக்குமிடையே கரை வெகுதொலைவு நகர்ந்துவிடுகின்றது. படகுவீட்டை எங்கே கட்டுவது? தையிலே நீரில் மிதப்பது ஆவணியிலே சேற்றில் அமர்ந்துவிடும். இந்நாட்டுக் குளங்களில் படகுவீட்டு மரபு தோன்றாமைக்கு இதனினும் எளிய விளக்கம் இல்லை.

உழவனின் நாட்காட்டி இது. மீனவனின் நாட்காட்டி இதற்கு எதிரானது. நீர் குறைந்து மீன்கள் நெருங்கும் காலமே அவனுக்கு வலை நிறையும் காலம். ஆனால் நீர் அளவுக்கு மீறி வடிந்துவிடின் அடுத்த ஆண்டுக்கு வேண்டிய தாய்மீனும் அழியும். பயணியின் நாட்காட்டி மூன்றாவது. ஐரோப்பியக் குளிர்காலத்தில் மார்கழி தொடக்கம் பங்குனி வரை வருவோர் நிறைகுளத்தைக் காண்கின்றனர். கோடை விடுமுறையிலே ஆடி, ஆவணியில் வருவோர் விரிந்த புல்வெளியையும், அங்கு மேயவரும் யானைகளையும் காண்கின்றனர். யானைக்கும் அக்காலத்தில் அப்புல்லே வாழ்வு. கரையோரத்தை வேலியடைத்துச் சொந்தமாக்கும் ஒவ்வொரு விடுதியும், யானையின் வழியையோ மாட்டின் மேய்ச்சலையோ வள்ளத்தின் துறையையோ அடைத்துவிட இடமுண்டு.

எனவே, குளத்தில் விடுமுறை திட்டமிடுவது அறையையும் நாளையும் தெரிந்தெடுப்பதோடு முடிவதன்று. நீர்மட்டம் எந்நிலையில் இருக்கும், மீன் முட்டையிடும் ஆழங்குறைந்த கரைகள் எவை, வலை விரித்திருக்கும் இடங்கள் யாவை, யானைகள் கடக்கும் நேரம் எது என்பவற்றை அறிந்தே பயணியின் படகு நீரில் இறங்க வேண்டும். இவ்வறிவு நூல்களில் இருப்பதைவிட மீனவரிடத்தே மிகுதியாக உள்ளது. விரைவுப் படகுக்குப் பதிலாக மீனவரின் துடுப்பு வள்ளத்தைப் பயணியின் வாகனமாக்கினால், நீரும் கலங்காது. வலை வற்றிய நாளிலே மீனவருக்கு ஊதியமும் கிட்டும். விளையாட்டுக்காகத் தூண்டிலிடும் வழக்கத்தைப் புகுத்த முனைவோர், அது இப்பிரதேச மக்களின் உயிரிரக்க உணர்வைப் புண்படுத்தக்கூடும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். உணவுக்காகப் பிடிப்பதையே தயக்கத்தோடு ஏற்ற சமூகம் அது.

முடிவுரை

உலர்வலயக் கிராமங்களிலே ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் 'கன்னக் கூட்டம்' எனப்படும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறுகின்றது. எந்நாளிலே துருசு திறப்பது, எத்தனை ஏக்கருக்கு நீர் விடுவது, எந்நாளிலே மூடுவது என உழவரும் அலுவலரும் அங்குக் கூடி முடிவு செய்கின்றனர். நீர் குறைந்த ஆண்டிலே எல்லாரும் குறைவாக விதைப்பதென்ற இணக்கமும் அங்கேயே பிறக்கின்றது. குளத்தைப் பகிர்ந்து வாழும் அறிவு இந்நாட்டு மக்களிடம் உண்டு என்பதற்கு அக்கூட்டமே சான்று. ஆயினும் அது உழவரின் கூட்டமாகவே வளர்ந்த ஒன்று. அடிநீராக எவ்வளவு விட்டுவைத்தால் மீன் தப்பும் என்று சொல்ல மீனவனுக்கும், எவ்வளவு கழிவை எவ்வாறு அகற்றுகின்றோம் என்று விடைகூற விடுதியாளருக்கும், நிலத்தை நீருக்குக் கொடுத்து இடம்பெயர்ந்தோருக்கும் அங்கு இடம் அமையுமாயின், 1992 இல் வீதியிலே எழுந்த வினாவுக்குக் கூட்டத்திலே விடை காணலாம்.

மொறகஹகந்தவும் களுகங்கையும் இளம் நீர்நிலைகள். அவற்றின் கரைகள் எவ்வாறு பயன்படுத்தப்படும் என்பது இன்னும் முழுமையாக எழுதப்படாத வரலாறு. சீகிரியாவின் நீரூற்றுக்கள் ஓர் அரசனுக்காக இயங்கின. வடக்குப் பாதையின் வாடிவீடுகள் ஒரு சாராருக்காகத் திறந்திருந்தன. இனி அமையும் கரைகளிலே, பார்க்க வருபவனும் பிடிக்கப் போகின்றவனும் விதைக்க நிற்பவனும் ஒருவரையொருவர் அறிந்திருப்பரா என்பதைப் பொறுத்தே, அவ்வோய்வு நாட்டுக்கு நலமோ சுமையோ என்பது தீர்மானிக்கப்படும்.